அப்பாவுக்குக் குடல் அறுவை: கையில் இருக்கும் ஐந்து வாரத்தில் என்ன செய்யலாம்?

கேள்வி: என் அப்பாவுக்கு 77 வயது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர், பிறகு செம்பனையிலும் வேலை செய்தார். இப்போது பகாவில் எங்களோடு தாமான் வீட்டில் இருக்கிறார். பெருங்குடலில் புற்றுக்கட்டி இருப்பதாகக் கண்டுபிடித்து, சிரம்பானில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஆறு மாதத்தில் 58 கிலோவிலிருந்து 51க்கு இறங்கிவிட்டார். ஹீமோகுளோபின் 9.4. இனிப்பு நீரும் ரத்தக்கொதிப்பும் உண்டு. மாத்திரைப் பட்டியலை இணைத்திருக்கிறேன். “அறுவை வரைக்கும் உடம்பை அலட்டாமல் படுத்திருக்கட்டும், கஞ்சி மட்டும் கொடு” என்கிறார் அத்தை. அது சரியா? எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும்? பக்கத்து வீட்டுத் தாத்தா அறுவைக்குப் பிறகு பெற்ற மகனையே “நீ யார்” என்று கேட்டாராம். அப்பாவுக்கும் அப்படி ஆகுமா? அவரிடம் ‘குடலில் புண்’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். – வாசகி, பகாவ்

அன்புச் சகோதரிக்கு,

அத்தை பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்த ஐந்து வாரத்தில் அப்பாவுக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல் அவரைப் படுக்க வைத்துக் கஞ்சி ஊற்றுவதுதான். பெரிய அறுவை நடந்ததும் உடல் தன் தசையைக் கரைத்துத்தான் காயத்தை ஆற்றும், கிருமியை எதிர்க்கும். கரைப்பதற்குத் தசையே இல்லாதவருக்குத்தான் இருமச் சக்தியில்லாமல் நுரையீரலில் சளி கட்டுகிறது, தையல் ஆறத் தாமதமாகிறது, எழுந்து நடக்க முடியாமல் போகிறது. ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. அவர்களுக்குக் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. உங்கள் அப்பா ஏற்கெனவே 7 கிலோ இழந்தவர், அதாவது உடல் எடையில் 12 விழுக்காடு. ஆறு மாதத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலே கடுமையான ஊட்டக்குறைவு என்றுதான் கணக்கு. ஆகவே சிகிச்சை இன்றைக்கே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதை முதலில் அளந்து எழுதி வையுங்கள். மயக்க மருந்து டாக்டருக்கு 77 என்ற வயதைவிட இந்த அளவுகள்தாம் உதவும். வீட்டுக் கூடத்தில் 4 மீட்டருக்குக் கோடு போட்டு, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 5 விநாடிக்கு மேல் ஆனால் நடை தளர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 12 விநாடியைத் தாண்டினால் விழும் அபாயம் உண்டு. 20ஐத் தாண்டினால் துணையில்லாமல் நடக்க விட வேண்டாம். கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் தசை குறைவாக இருக்கலாம். மருத்துவர்கள் தளர்ச்சியை 1 முதல் 9 வரை தரம் பிரிப்பார்கள். கடைக்குப் போக, பணம் கொடுக்கல் வாங்கல் பார்க்க, மாத்திரை எடுத்து வைக்க மற்றவர் தயவு வேண்டுமானால் ஏறக்குறைய 5. குளிக்கவும் உதவி வேண்டுமானால் 6. அப்பா 5 அல்லது அதற்கு மேல் என்று உங்களுக்குத் தோன்றினால், அறுவைக்கு முன் முதியோர் நல மருத்துவர் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது.

இனி சாப்பாடு. அவருக்கு நாளைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 51 கிலோவுக்கு அது 61 முதல் 77 கிராம் வரை. ஒரு கிண்ணம் கஞ்சியில் இருப்பது 2 அல்லது 3 கிராம்தான், மீதியெல்லாம் தண்ணீரும் மாவும். காலையில் பசியாறும்போது இரண்டு முட்டை (12 கிராம்), ஒரு குவளைப் பால் (7). பகலில் உள்ளங்கை அளவு கெம்போங் மீன் அல்லது கோழி (20), அரைக் கிண்ணம் கெட்டிப் பருப்பு (8). மாலையில் 100 கிராம் தௌஹூ, அதாவது சோயாக்கட்டி (8 முதல் 10 வரை). இரவில் மறுபடி கொஞ்சம் கோழியோ மீனோ (15). இவ்வளவும் உள்ளே போனால் 70ஐத் தொட்டுவிடும். ஒரே வேளையில் திணிக்காதீர்கள், ஆறு வேளையாகப் பிரியுங்கள். தட்டில் முதலில் மீனும் முட்டையும், சோறு கடைசியில். கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதிலேயே அடித்த முட்டையைக் கலக்கிக் கொதிக்க விடுங்கள், பால்மாவு இரண்டு கரண்டி சேருங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் இந்தப் புரதக் கணக்கு மாறும், ரத்த அறிக்கையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டியால் குடல் குறுகியிருக்கிறது என்று அறுவை டாக்டர் சொல்லியிருந்தால் முழுக் கடலை, முளைகட்டிய பயறு, தோலோடு காய்கறி, கீரைத்தண்டு எதுவும் வேண்டாம். வடிகட்டிய பருப்பு, தௌஹூ, முட்டை, மீன் போதும். சத்து என்று நினைத்துக் கொடுத்த கொண்டைக்கடலை குறுகிய இடத்தில் அடைத்துக்கொண்டால், திட்டமிட்ட அறுவை நடுராத்திரி அவசர அறுவையாக மாறிவிடும்.

அவர் இறைச்சியை ஒதுக்குவதற்குப் பல்செட்டும் காரணமாக இருக்கலாம். எடை குறைந்தால் ஈறும் சுருங்கும், செட் ஆடும், மெல்லும்போது வலிக்கும். அரசாங்கப் பல் கிளினிக்கில் இந்த வாரமே காட்டுங்கள். ஆடுகிற சொந்தப் பல் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். மயக்கம் கொடுக்கும்போது தொண்டையில் குழாய் வைப்பார்கள், அப்போது பல் கழன்று உள்ளே விழக்கூடாது.

ஹீமோகுளோபின் 9.4 என்பதைப் பலரும் “வயசானால் அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. குடல் கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து இரும்புச்சத்து வற்றியிருக்கலாம். பெரிய அறுவைக்கு முன் 13ஐ எட்டுவது நல்லது. இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால் வெறும் வயிற்றில், ஆரஞ்சுச் சாற்றோடு கொடுங்கள். தே தாரிக், பால், கால்சியம் மாத்திரை இவற்றுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேநீரோடு விழுங்கினால் பெரும்பகுதி உடலில் சேராது. தினமும் வயிற்றைக் கட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கலாமா என்று கேளுங்கள், சிலருக்கு அதுவே நன்றாகச் சேரும். ஆனால் ஐந்தே வாரம் இருக்கும்போது, ரத்தக் கசிவும் நிற்காதபோது, மாத்திரை போதாமல் போவதே அதிகம். நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் முறை இருக்கிறது. சில வகைகளை ஒரே தடவையில் 1000 மி.கி. வரை ஏற்றலாம். பலன் முழுதாகத் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். அதனால் இந்தக் கேள்வியை அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடாதீர்கள். நாளைக்கே கிளினிக்கிற்குப் போன் செய்து, “பெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்தீர்களா, நரம்பு வழி இரும்பு கொடுக்க முடியுமா” என்று கேளுங்கள்.

உடற்பயிற்சி என்றதும் பயப்பட வேண்டாம். ஆயுள் முழுக்க மலைக்காட்டில் ஏறி இறங்கிய மனிதருக்கு நாற்காலிதான் இப்போது உபகரணம். கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரட்டும். முடியாவிட்டால் முதல் வாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். ஐந்து தடவை, இளைப்பாறி இன்னொரு ஐந்து. வாரத்துக்கு இரண்டு மூன்று கூட்டிப் பத்துப் பத்தாக மூன்று சுற்றுக்குக் கொண்டுவரலாம். எழும்போது மூச்சை விடச் சொல்லுங்கள், அடக்கிக்கொண்டு எழுந்தால் ரத்த அழுத்தம் எகிறும். சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது பத்துத் தடவை. அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் வைத்து முழங்கையை மடக்கி நீட்டுவது பத்துத் தடவை. இவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். நடை தினமும் வேண்டும். முதலில் பத்து நிமிடமாகக் காலையும் மாலையும், வெயில் ஏறுமுன் அல்லது இறங்கிய பின். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும், அதுதான் சரியான வேகம். ரத்தம் குறைந்தவர் சீக்கிரம் களைப்பார், அது இயல்பு. நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி, மறுநாளைக்குத் தள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள கிளிக்ளசைட் என்ற இனிப்பு நீர் மாத்திரையைச் சாப்பிடுவதால் வெறும் வயிற்றோடு நடக்க வேண்டாம். வியர்த்து நடுங்கி, சர்க்கரை 4க்குக் (mmol/L) கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

மூச்சுப் பயிற்சியை அறுவைக்குப் பிறகு வலியோடு கற்க முடியாது, இப்போதே பழக வேண்டும். மூக்கால் மெதுவாக ஆழ இழுத்து, மூன்று விநாடி நிறுத்தி, வாயால் விடுவது. விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை. பிறகு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இரண்டு இருமல். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி மருந்தகத்தில் கிடைக்கும். வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: அதை ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். பாதிப் பேர் ஊதிக்கொண்டிருப்பார்கள். சிகரெட் உண்டென்றால் இன்றே நிறுத்தட்டும். நான்கு வாரம் நிறுத்தினாலே நுரையீரலும் காயமும் வித்தியாசம் காட்டும்.

மதுவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானாகக் கேட்கிறேன். அப்பா தினமும் மாலையில் சம்சுவோ பீரோ குடிப்பவரென்றால் உண்மையான அளவை டாக்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பல வருடம் தினமும் குடித்தவர் வார்டில் திடீரென்று நிறுத்தும்போது, இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், இல்லாதது தெரியும், வலிப்புகூட வரும். முன்பே தெரிந்தால் படிப்படியாகக் குறைக்கவும் தயாமின் (வைட்டமின் பி1) கொடுக்கவும் நேரம் இருக்கிறது.

மாத்திரைகளுக்கு வருவோம். நான் சொல்வது பொதுவான வழக்கம். மயக்க மருந்து கிளினிக்கில் உங்கள் தாளில் எழுதித் தருவதே இறுதி. உங்கள் பட்டியலில் என் கண் முதலில் போனது எம்பாகிளிப்ளோசின் என்ற இனிப்பு நீர் மாத்திரை மீது. அதை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியோடு அதுவும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும், அதேநேரம் சர்க்கரை அளவு ஏறக்குறைய சாதாரணமாகவே காட்டும். வாந்தி, வயிற்று வலி, வேக மூச்சு எல்லாம் அறுவையின் பின்விளைவு போலத் தெரிவதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். அந்த மாத்திரையின் பெயரைத் தனியாகச் சிவப்பில் எழுதிக் காட்டுங்கள். மற்ற இனிப்பு நீர் மாத்திரைகளான கிளிக்ளசைட்டும் மெட்பார்மினும் அறுவை நாள் காலையில் வழக்கமாக வேண்டாம் என்பார்கள். முதல் நாள் குடல் சுத்தம் செய்யும் மருந்து கொடுத்து வெறும் நீராகாரம் என்றால், அன்றைக்கே கிளிக்ளசைட்டைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். ரத்தக்கொதிப்புக்கான பெரிண்டோப்ரில் 24 மணி நேரத்துக்கு முன் கடைசி வேளை என்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம். இன்னொரு ரத்தக்கொதிப்பு மாத்திரையான அம்லோடிபினையும் கொழுப்பு மாத்திரையையும் தொடரலாம், அன்று காலை ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுப்பார்கள். கார்டிப்ரினை (ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின்) நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயக் குழாயில் ஸ்டெண்ட் வைத்திருந்தால் அதை நிறுத்துவதே ஆபத்து, இல்லையென்றால் ஏழு நாள் முன் நிறுத்தச் சொல்லக்கூடும்.

தூக்கத்துக்கென்று அவர் இரவில் போடும் மஞ்சள் மாத்திரை, பிரிட்டோன், சளிக்கான மருந்து. வயதானவர்களுக்கு அது ஞாபகத்தைக் குழப்பும், சிறுநீரை அடைக்கும். அதை இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள். பாசார் மாலாமில் வாங்கிய மூட்டுவலித் தூள் விஷயம் வேறு. அப்படிப்பட்ட சில தூள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் அவர் உடல் தானாக ஸ்டீராய்டு சுரப்பதை நிறுத்தியிருக்கலாம். சட்டென்று விட்டால் அறுவை மேசையில் ரத்த அழுத்தம் விழும். ஆகவே நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். புட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் இல்லாவிட்டால் அதை அப்படியே எடுத்துப்போய், எவ்வளவு காலமாகச் சாப்பிடுகிறார் என்றும் சொல்லுங்கள். கின்கோ, ஜின்செங், பூண்டு மாத்திரை போன்றவை ரத்தம் உறைவதைத் தடுக்கும். இரண்டு வாரம் முன்பே நிறுத்தலாம். குழம்பில் போடும் பூண்டாலும் மஞ்சளாலும் ஒன்றும் ஆகாது.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு வந்தது திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம். பெரிய அறுவைக்குப் பிறகு முதல் மூன்று நாளுக்குள் முதியவர்களுக்கு அடிக்கடி வருவது. பெரும்பாலும் நாட்களில் தெளியும், சிலருக்கு வாரக்கணக்காகும், முன்பே ஞாபகம் தளர்ந்தவர்கள் சிலர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்ப மாட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, வாய்ப்பைக் குறைக்கலாம். கத்துவதும் குழாயைப் பிடுங்குவதும் மட்டுமே இதன் அடையாளம் என்று நினைக்காதீர்கள். பேசாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி தூங்கி வழிவதும் அதே நோய்தான். “பாவம், களைப்பு” என்று விட்டுவிடுவதால் அந்த வகைதான் தப்பிப்போகிறது. பின்னால் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தீராத வலி, கிருமித் தொற்று ஏதாவது இருக்கும், மிஸ்ஸியிடம் (தாதியிடம்) உடனே சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவரிடம் மலாயில் ஞாபகச் சோதனை வைத்தால் மதிப்பெண் குறையும், “ஏற்கெனவே மறதி நோய்” என்று கோப்பில் ஏறிவிடும். அறுவைக்கு முன்னான சோதனையில் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் இருக்கக் கேளுங்கள். வீட்டில் நீங்களே கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லி, இன்றைக்கு எப்படிச் சொல்கிறார் என்று எழுதி வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும். பாசார் மலாய் சரளமாகப் பேசியவர்கூட மனம் குழம்பும்போது தாய்மொழிக்கே திரும்பிவிடுவார். ஒரு அட்டையில் மலாயில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்: அவரை எப்படிக் கூப்பிட வேண்டும், எந்தக் காது கேட்காது, கண்ணாடி, பல்செட் எங்கே இருக்கிறது, உங்கள் போன் எண். வலி, தண்ணீர், சிறுநீர், குளிர் நான்குக்கும் தமிழும் மலாயும் பக்கம் பக்கமாக. முதல் இரண்டு மூன்று இரவு குடும்பத்தில் ஒருவர் கூட இருக்க அனுமதி உண்டா என்று வார்டில் முன்பே கேளுங்கள். கண்ணாடியும் காதுக்கருவியும் பையில் கிடந்தால் பயனில்லை, மயக்கம் தெளிந்ததும் மாட்டிவிட வேண்டும். இல்லாத ஆளைப் பார்த்ததாகச் சொன்னால் வாதாட வேண்டாம், “நான் இருக்கிறேன் அப்பா, இது ஆஸ்பத்திரி” என்றால் போதும்.

குடலில் புண் என்று சொல்லி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர், நீங்களல்ல. மலம் சேர வயிற்றில் பை வைக்க நேரலாம், தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருக்க நேரலாம் என்பதெல்லாம் தெரியாமல் போடும் கையெழுத்து அவருக்குச் செய்யும் அநியாயம். விழித்துப் பார்க்கும்போது வயிற்றில் பை ஒட்டியிருப்பதைக் கண்டு அதிர்வது குணமாவதையும் கெடுக்கும். கட்டி என்றும் எடுக்கப் போகிறார்கள் என்றும் சொல்லுங்கள், மேற்கொண்டு அவர் கேட்கும் அளவுக்குப் பதில் சொல்லுங்கள். அவருக்கு எது முக்கியம் என்றும் கேளுங்கள். சொந்தக் காலில் கழிவறைக்குப் போவதா, பேத்தி கல்யாணம் வரை இருப்பதா? அதை வைத்துத்தான் அறுவை டாக்டரிடம், “அறுக்காமல் விட்டால் என்ன ஆகும், அறுத்தால் இவர் மறுபடி தானாக நடப்பாரா” என்று கேட்க முடியும்.

பட்டினி பற்றி ஒரு வார்த்தை. சோறு, பால், தே தாரிக், மைலோ எல்லாம் ஆறு மணி நேரத்துக்கு முன் நிற்க வேண்டும். வெறும் தண்ணீரும் பால் கலக்காத தே ஓவும் இரண்டு மணி நேரம் முன்பு வரை பொதுவாக அனுமதிக்கப்படுவது. “ராத்திரி 12 மணிக்குப் பிறகு ஒன்றும் கூடாது” என்று மொத்தமாகச் சொன்னால், கடைசித் தண்ணீர் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மதியத்துக்குத் தள்ளிப்போகும் அறுவைக்கு 14 மணி நேரம் நாக்கு வறண்டு கிடப்பது முதியவரின் சிறுநீரகத்துக்கும் புத்திக்கும் ஆகாது. குடல் சுத்தம் செய்யும் இரவில் கழிவறைக்கு ஓடும்போது விழுபவர்கள் பலர். விளக்கை அணைக்காதீர்கள், தரை ஈரமாக இருக்கக்கூடாது, முடிந்தால் கட்டில் பக்கத்திலேயே கழிவறை நாற்காலி வையுங்கள். அறுவைக்குப் பின் சில வாரம் குந்தி உட்காருவது சிரமம் என்பதால் அது பிறகும் உதவும்.

பகாவிலிருந்து சிரம்பானுக்குப் போய்வருவதே ஒரு நாள் வேலை. ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து கிளினிக், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே நாளில் போட முடியுமா என்று கேளுங்கள். குடும்பத்துக்கு அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவி வருகிறதென்றால், குறைந்த வருமானத்தாருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 ரிங்கிட்டும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் உண்டு. மருத்துவமனைச் சமூகநலப் பிரிவில் சிகிச்சை தொடங்குமுன்பே விண்ணப்பியுங்கள்.

அறுவைக்கு முந்திய வாரம் காய்ச்சல், சளி இருமல், ஆறாத கால் புண் எது வந்தாலும் உடனே போன் செய்யுங்கள். தேதி போய்விடுமோ என்று மறைத்துக் கொண்டுபோனால் மேசையருகே திருப்பி அனுப்புவார்கள், அல்லது இன்னும் மோசமாக, நிமோனியாவில் முடியும். வயிறு உப்பி, வாயு பிரியாமல், வாந்தி தொடர்ந்தாலோ, மலத்தில் ரத்தம் கொட்டினாலோ, நிற்க முடியாமல் மயங்கினாலோ சிரம்பான் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஜெம்போல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு மாத்திரைப் பையையும் கட்டி பற்றிய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அப்போதே போய்விடுங்கள்.